சத்தம் மட்டும் கூடிய கார்

அன்பான உனக்கு,

நான் நலம். உன் பல்வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மலைமேல் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் நர்ஸ் அம்மா ஒருவர், கார் மேட்டில் திணறுகிறது என்று எங்கள் பட்டறைக்கு வந்தார். பெரிய ஏர் ஃபில்டரும் அகலமான சைலன்சரும் மாட்டினேன். "இன்ஜின் கம்ப்யூட்டரையும் ட்யூன் பண்ணணுமாப்பா?" என்று கேட்டார். "அதெல்லாம் வேண்டாம்மா, இனி பறக்கும்" என்றேன். எனக்கு ட்யூனிங் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு வாரம் வேகம் கூடிய மாதிரி இருந்ததாம். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். போன செவ்வாய்க்கிழமை அவர் மேடு ஏறி முடிப்பதற்குள் மேலே ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டது.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. நான் வர்ற சத்தம் மட்டும் மலைக்கே கேட்டுச்சு" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பவர் அளக்கும் மெஷினில் காரை ஏற்றினோம். ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. எல்லார் முன்னாலும், எங்கள் பட்டறையில் ட்யூனிங் பார்க்கும் அண்ணனிடம், "அண்ணே, எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்க" என்றேன். அவர் ட்யூன் செய்த பிறகுதான் ஆறு குதிரைத்திறன் கூடியது. நர்ஸ் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார்.

நான் பெரிய மெக்கானிக் என்று ஊரெல்லாம் சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் தலையணை உறை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். பட்டறையில் பெல் அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன்னவன்