வெதுவெதுப்பான கடல்

என்னங்க,

சிமென்ட் மூட்டை தூக்கித் தூக்கி வந்த தோள்வலி குறைந்ததா?

இங்கே கரையோரக் காற்று இந்த ஆண்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது வீசி மேல்தண்ணீரை வெளிக்கடலுக்குத் தள்ளினால்தானே அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் இரையோடு மேலே வரும், மீனும் வரும்? ஐஸ் ஆலையைப் பூட்டிவிட்டார்கள். அங்கே எனக்கிருந்த வேலையும் நின்றது. கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான்.

உங்கள் வலையைத் தோட்டத்துக்கு வேலி கட்டத் தம்பி கேட்டான். கொடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள்.

சின்னவள் மட்டும் குஷியாக இருக்கிறாள். குளிருகிறதென்று கடலில் கால் வைக்கவே அழுவாளே, இப்போது தினமும் குளிக்கிறாள்.

"தண்ணி எப்பவும் இப்படியே வெதுவெதுன்னு இருக்கணும்மா" என்கிறாள்.

"இருக்கும்டி" என்றேன். தண்ணீர் குளிர்ந்தால்தான் அப்பா திரும்பி வருவார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா