வாசப்படியைத் தாண்டியது யார்?

அக்கா,

கொல்லையில் அண்டா கொதிக்கிறது. உள்ளே பழைய வேட்டித் துணிகள். துணி வேகிற வாசனை வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்குப் பசிக்கும். அன்றைக்கு இந்த வாசனை வந்த பிறகுதானே எனக்குச் சோறு இறங்கியது.

நம் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. உன் இடுப்பிலேயே வளர்ந்தாளே, அவளுக்குத்தான்.

அவளைப் பெற்றுவிட்டு நான் இதே அகரத்து வீட்டு இருட்டறையில் கிடந்தது நினைவிருக்கிறதா? மூன்றாம் நாள் குளிர் உலுக்கியது. அடிவயிற்றில் கை பட்டால் உயிர் போனது. தீட்டுத் துணி நாறியது. அந்தத் துணி ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று, அலசி, மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் போடுவதுதான் நம் வீட்டு வழக்கம். வெயிலே பார்க்காத துணி, ஈரத்தோடு மறுபடி என்னிடமே வரும்.

மாமனார் வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "தீட்டுக் கழியாம அவ வாசப்படி தாண்டக் கூடாது. மருந்து அரைச்சுக் குடுங்க, சரியாப் போகும்."

அந்த வீட்டில் மூத்த மருமகளாய் அத்தனை வருசம் இருந்தும் நீ அவரை எதிர்த்து வாய் திறந்ததில்லை. அன்றும் சத்தம் போடவில்லை. சேலையை இழுத்துச் செருகினாய். என்னை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினாய்.

"ஏத்தா, சொன்னது காதுல விழுகலையா?"

"விழுந்துச்சு மாமா. அவ எங்க தாண்டுறா? நாந்தான தாண்டுறேன்."

காய்ச்சலிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மெதுவாக்கா, நீ மேல விழுந்தா நான் அப்பளம்" என்றேன்.

"வாய மூடிட்டு வாடி. செத்துப்போனா பேச முடியாது. உனக்கு அத விடப் பெரிய கஷ்டம் இருக்கா?"

உன் கொழுந்தன், என் வீட்டுக்காரர், தகப்பனார் முகத்தைப் பார்க்காமலே வண்டியைப் பூட்டினார். பிள்ளை உன் மடியில், என் தலையும் உன் மடியில்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையோட உள்தோல்ல சீழ் பிடிச்சிருக்கு. இன்னும் விட்டிருந்தா ரத்தத்துல ஏறியிருக்கும்" என்றார். பெனிசிலின் ஊசி குத்திக் குத்தி எனக்கு உட்கார இடமில்லை. அழுக்குக் கை, அழுக்குத் துணி, எது வழியாக வேண்டுமானாலும் இது ஏறும் என்றார். துணியை எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டார். நீ சொன்னாய். "இனிமே கொதிக்க வச்சு, நல்ல வெயில்ல காயப்போடுங்க" என்றார்.

வீடு திரும்பியதும் நீ முன்வாசலில் கொடி கட்டினாய். கொதிக்க வைத்த துணியையெல்லாம் தெருவே பார்க்க உதறிப் போட்டாய்.

"என்னத்தா இது, ஊரு சிரிக்க?"

"சிரிக்கட்டும் மாமா. சிரிச்சா யாருக்கும் காய்ச்ச வராது."

துணி இருந்த நாளெல்லாம் மாமனார்தான் கொல்லை வழியாகப் போய் வந்தார்.

ஐப்பசியில் நீ போய்ச் சேர்ந்தபோது, பாடை தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது. "ஒத்த ஆளா என்னையத் தூக்கினவள, நாலு பேரு சேந்து தூக்க முடியலையா?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் முறைத்தார்கள். நீயும் முறைத்திருப்பாய்.

போன வாரம் மகளுக்கு உடம்பு சுட்டது. பேத்தியைப் பார்க்கச் செம்பட்டியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா வாசலை மறித்து நின்றாள். "பச்ச உடம்புக்காரி, தீட்டோட எங்க கூட்டிட்டுப் போறீக?" உன் கதையைக் கேட்டே வளர்ந்தவள் அல்லவா, மகள் என்னைப் பார்த்து, "நீ என்னையத் தூக்குவியாம்மா?" என்றாள்.

"என் இடுப்பு இருக்கிற இருப்புக்கு எங்கடி தூக்க? உனக்குக் கால் இருக்குல்ல? தாண்டு."

தாண்டினாள் அக்கா. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பட்டப்பகலில், தன் காலாலேயே.

ஆஸ்பத்திரியில் பார்த்ததில், பால் கட்டிய காய்ச்சல்தானாம். "இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றாள் சம்பந்தி.

"இதுதான்னு வீட்டுல உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்குமா? நாளைக்குச் சுட்டா நாளைக்கும் போவோம்" என்றேன்.

துணி வெந்துவிட்டது. முன்வாசலில் நீ கட்டிய இடத்திலேதான் கொடியும் இருக்கிறது. வயலுக்குப் போன ஆண்கள் மத்தியானச் சோற்றுக்குத் தெருவில் திரும்பி வருகிற நேரம்.

வரட்டும்.