நான் தீட்டிய கத்தி

1994 பிப்ரவரி 8, செவ்வாய். போத்தனூர்

இன்றும் என் வீட்டுக்காரர் சின்னானைத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கவாதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது. ஆனால் சின்னான் சவரம் செய்யப் பக்கத்தில் வந்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

"அய்யாவுக்கு அவரு கத்திதான் வேணுமாட்ட இருக்குதுங்க அம்மணி. நாங்கெல்லாம் பிளேடுக்கு மாறி வருசமாச்சுங்க" என்று சொல்லிப் போனான்.

முப்பது வருஷம் பவுண்டரியில் லேத் ஓட்டியவர். தன் கத்தியைத் தானே தீட்டி, தானே மழித்துக்கொண்டவர். அந்த முகத்தில் இன்னொருவர் கை பட்டதில்லை, என் கை உட்பட.

தாடியில் கஞ்சி காய்ந்து ஒட்டுகிறது. ஈ உட்காருகிறது. இடது கையால் விரட்டுகிறார், அது மறுபடி வருகிறது.

பிப்ரவரி 9

அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். மடக்குக் கத்தி, சோப்புக் கட்டி அளவில் வழவழப்பான சாம்பல் நிறக் கல், தோல் வார். "நான் செய்யட்டுங்களா?" என்றேன். மறுக்கவில்லை.

கத்தி மழுங்கியிருந்தது. முடியை வெட்டாமல் இழுத்தது. கொஞ்சம் அழுத்தினேன், தாடையில் கீறிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரை வேறு. அரை மணி நேரம் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் முனகக்கூட இல்லை.

பாதித் தாடியோடு கிடக்கிறார். எனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை.

பிப்ரவரி 12

கல்லை நனைத்துத் தீட்டினேன். அருவாமனைக்குச் செய்வதுபோல கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்துத் தேய்த்தேன். வெயிலில் பார்த்தால் கூரில் எறும்பு கடித்தாற்போல மூன்று பொக்கை. இருந்ததையும் கெடுத்துப்போட்டேன்.

பிப்ரவரி 15

இன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தீட்டினேன். நாலு தடவை இழுப்பதற்குள் கட்டில் சட்டத்தில் இடது கை விரலால் இரண்டு தட்டு. நிறுத்தினேன். உள்ளங்கையைப் படுக்கையில் மட்டமாக வைத்து, ஓரத்தைத் தூக்காமல் நகர்த்திக் காட்டினார். முதுகும் கூரும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும் என்கிறார். அப்படி இழுத்தேன். சத்தமே மாறியது. கரகரப்பு போய், பட்டுப் புடவையை உதறுகிற மாதிரி ஒன்று. ஒரே ஒரு தட்டு.

ஒரு தட்டென்றால் சரி. இரண்டென்றால் தப்பு.

பிப்ரவரி 23

இத்தனை நாளாய்த் தினம் அரை மணி நேரம். இரண்டு தட்டே அதிகம். அழுத்தாதே என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு இத்தனை நாள். கத்தியின் கனமே போதும், என் பலம் வேண்டாம்.

பொக்கை இரண்டு போய்விட்டது. கடைசிப் பொக்கை பிடிவாதம்.

மார்ச் 2

வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போக வேண்டும், கல்லில் கூர் முன்னால். நான் மறந்து கல்லுக்குச் செய்வதையே வாருக்கும் செய்தேன். தோல் ஒரு விரல் நீளம் அறுந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். கோணிய வாயால் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

இவர் சிரித்து ஐந்து வருஷம் ஆகிறது. எங்கள் மகள் தேஜஸ்ரீ வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பல்லடம் போனதிலிருந்து இந்த வீட்டில் சோறு போடட்டுங்களா, விளக்கை அணைக்கட்டுங்களா, அவ்வளவுதான் பேச்சு. பெண் பெயரை நானும் எடுத்ததில்லை. ஏன் எடுக்கவில்லை? அவர் கோபத்துக்குப் பயந்தா, என் கோபத்தை மறைக்கவா?

மார்ச் 13, ஞாயிறு

கத்தியை என் முன்கை முடியில் வைத்துப் பார்த்தேன். தொட்டதும் உதிர்ந்தது.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சோப்பு நுரை போட்டு, தொங்கிப்போன வலது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து மழித்தேன். ஒரு கீறல் இல்லை. கண்ணாடி காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார், விடவில்லை.

மார்ச் 20, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

தொண்டைக்குழிக்கு மேல் கத்தி இருந்தது. தலையை மேலே தூக்கி, கண்ணை மூடியிருந்தார். இப்போது கேள், இப்போது கேட்டால் முகத்தைத் திருப்ப முடியாது என்று மனசு சொன்னது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கத்தியை எடுத்துவிட்டேன்.

மடக்கிப் பெட்டியில் வைத்து, முகம் துடைத்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். "ஏனுங்க, தேஜஸ்ரீயை வரச்சொல்லட்டுங்களா?"

இரண்டு தட்டு. முகம் சுவர்ப் பக்கம்.

"சரிங்க. அப்போ நான் போய்ப் பார்த்துட்டு வாரேன். உங்களைக் கேக்கலைங்க, சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவரிடம் நான் சொன்னதில்லை.

மார்ச் 27

பக்கத்து வீட்டு மெஹராஜ் காலையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். நான் பஸ் ஏறிப் பல்லடம் போனேன். தேஜஸ்ரீக்கு மூன்று வயதில் பெண் குழந்தை. எனக்குத் தெரியாது. அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. காபி கொடுத்தாள். "இத்தனை நாள் எங்கேம்மா இருந்தீங்க?" என்றாள். காபியைக் குடித்து முடித்தேன்.

புறப்படும்போது, "அப்பாவுக்கு யாரு ஷேவ் பண்ணி விடறாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், குழந்தையையும் சேர்த்து. அவர் எந்தத் தட்டும் தட்டவில்லை.

ஏப்ரல் 3

மழித்தேன்.

ஏப்ரல் 14, வியாழன்

ஞாயிறன்றுதான் சவரம். இன்று காலை தகரப் பெட்டியைக் காட்டினார்.

"இன்னிக்கு வியாழக்கிழமைங்க."

மறுபடி காட்டினார். தீட்டினேன், மழித்தேன். வெள்ளைச் சட்டையைக் காட்டினார். போட்டுவிட்டேன். பிறகு மூச்சை இழுத்து, வாயைக் கோணி, நாலு முறை முயன்று ஒரு சொல் சொன்னார். ஐந்தாம் முறைதான் எனக்குப் புரிந்தது.

டாக்ஸி.

அதே நாள், பல்லடம்

மாப்பிள்ளை ஓடி வந்து ஒரு பக்கம் தாங்கினார். மூன்று படி. அவர் கையை இவர் உதறவில்லை.