சின்ன மணலும் திருப்பிக் கேட்ட பொன்னாடையும்

தாராவி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மகள் மாரீஸ்வரிக்கு அம்மா பூமாரி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம் என்று முதல் வரியில் எழுதியாக வேண்டும், எழுதிவிட்டேன், மிச்சத்தை வாசித்துவிட்டு அது உண்மையா என்று நீயே முடிவு செய்துகொள். அயர்லாந்துக் குளிரில் உன்னை அந்தச் சுடலைமாடன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து ஈரத்தலையோடு படுக்காதே. போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். நம் பத்துக்குப் பத்து வீட்டில் போனில் பேசினால் யாருக்குக் கேட்காது சொல்? உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "அது அப்படி இல்லட்டி" என்று வரிக்கு வரி திருத்துவார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அதனால் கடிதம். இப்போது சங்கத்துக்குப் போயிருக்கிறார். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், மெதுவாக வாசி, கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், அதை மட்டும் தள்ளிப்போடாதே.

மாஹிம் பக்கம் நாம் போகிற சின்ன மணல் உனக்கு மறந்திருக்காது, படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்களே, அந்தத் துண்டுக் கரை. அதைப் பெரிய அழகு என்று நான் சொல்லமாட்டேன், பாதி மணல், பாதி பிளாஸ்டிக் பை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் தெருப் பெண்கள் போய் உட்காருவோமே, இந்தப் பம்பாயில் முப்பத்திரண்டு வருஷத்தில் நான் இரண்டு காலையும் முழுசாக நீட்டி உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். வீட்டில் நீட்டினால் தையல் மிஷின் இடிக்கும், தெருவில் நீட்டினால் ஸ்கூட்டர் ஏறும். அந்த இடத்தை விற்கப் போகிறார்களாம். கரையோர எழில் மேம்பாட்டுக் குழுமம் என்று ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது, அவர்கள்தான் விற்கிறார்கள், நாங்கள் சுருக்கமாக எழில்காரர்கள் என்கிறோம். பொதுமக்களுக்கு அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள், கொடுத்தது வாஸ்தவம், அவர்கள் ஆபீசுக்குப் பின்பக்கம் ஜெனரேட்டர் மறைவில் இங்கிலீஷிலும் மராத்தியிலும் ஒட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு மெஹராஜ் வேறு வேலையாகப் போனவள் வெயிலுக்கு அங்கே ஒதுங்கியதால் கண்ணில் பட்டது. யாரும் பயன்படுத்தாத காலி நிலம் என்று போட்டு, அத்தாட்சிக்கு ஒரு போட்டோ. மே மாசத்து உச்சி வெயிலில் எடுத்த போட்டோ மகளே, அந்த நேரத்தில் அங்கே காக்காகூட வராது. வரப்போகும் கட்டடத்தைப் பெரிய தட்டியில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பத்துப் பேர் ஜூஸ் குடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நம் தெரு ஆட்கள் ஒருவர்கூட அதில் இல்லை, நாய்கூட நம் தெரு நாய் இல்லை. பொதுமக்களை மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடாதே, நமக்கென்று ஓரமாக ஒரு மேடை உண்டு, அதில் ஏறி நின்று கடலைப் பார்க்கலாம், காலை ஆறு முதல் ஏழு வரை. கடல் அதற்குள் எழுந்திருக்க வேண்டும்.

உடனே நம் தெருச் சங்கம் கூடியது. தலைவர் சுடலைக்கண்ணன் அண்ணாச்சி, செயலாளர் இருபத்திரண்டு வருஷமாக உன் அப்பா. எதிர்ப்பு மனுவை ஆபீஸ் ஜன்னலில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது, எழில்காரர்களின் பெரிய சாகேப்பையே நம் இடத்துக்கு வரவழைத்துக் கையில் கொடுப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். கூப்பிட்டதும் அவர் சரி என்று சொல்லிவிட்டார், அங்கேயே நமக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு மைக்கும் ஒரு அதிகாரியும் சேர்ந்து கிடைத்துவிட்டால் எதற்குக் கூப்பிட்டோம் என்பது மறந்துபோகும். ரோஸ் காகிதத்தில் நிகழ்ச்சி நிரல் அடித்தார்கள். வாழ்த்துப் பாட்டு, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, சாகேப்பின் சிறப்புரை, ஒன்பதாவதாக மனு. விளக்கு அணைகிறது என்று ஃபேனை நிறுத்தினார்கள். சுடலைக்கண்ணன் அண்ணாச்சி சங்கத்தின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார், தமிழில், சாகேப்புக்கு ஒரு சொல் புரியவில்லை, பாவம், சிரித்துக்கொண்டே வேர்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடை நேரம் வந்தால் ஆடை இல்லை. சங்கத்து அலமாரிச் சாவியைப் பொருளாளர் காட்கோபரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டு போய்விட்டார். உன் அப்பா விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார், நான் "என்ன தேடுதிய" என்று கேட்பதற்குள் பீரோவைத் திறந்து தன்னுடைய பொன்னாடையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

எந்தப் பொன்னாடை என்று உனக்குத் தெரியும். பெருவெள்ள வருஷம் கழுத்தளவு தண்ணீரில் கோடிவீட்டுப் பார்வதியம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாரே, நீ பரணில் உட்கார்ந்து அப்பா அப்பா என்று அழுதுகொண்டிருந்தாய், அதற்காகத் தெருவே சேர்ந்து போர்த்திய பொன்னாடை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் போர்த்திய மனுஷனுக்கு வாழ்க்கையில் கிடைத்தது அது ஒன்றுதான். மூலையை எலி கடித்து, அரக்குக் கலர் நூல் கைவசம் இல்லாமல் தையல் பட்டறையில் ஸ்கூல் யூனிபாரத்துக்கு வந்த பச்சை நூலால் நான் தைத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் நம் மணலை விற்க வந்தவர் தோளில் போட்டார். படம் எடுத்தார்கள், சாகேப் இரண்டு வடை சாப்பிட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துவிட்டார். ஒன்பதாவது நிகழ்ச்சி நடக்கவே இல்லை. உன் அப்பா பின்னாலேயே ஓடி மனுவைக் கார் ஜன்னலில் நீட்டினார், அவர் அதை வாழ்த்துக் கவிதை என்று நினைத்து நெஞ்சில் கைவைத்து வாங்கிப் பின் சீட்டில் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து "விழா சிறப்பா முடிஞ்சிட்டு" என்றார் உன் அப்பா. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை ஊற்றவில்லை, அவரும் கேட்கவில்லை.

பத்தே நாளில் அந்தப் படம் சின்ன மணலில் ஆள் உயரத் தட்டியாக நின்றது. உன் அப்பா எக்கிப் போர்த்துகிறார், சாகேப் குனிந்து வாங்கிக்கொள்கிறார், கீழே உள்ளூர் மக்களின் உற்சாக வரவேற்பு என்று எழுத்து. தெருவில் யாரும் உன் அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கொடுமை. டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். பார்வதியம்மாள்கூட "சொரிமுத்து, ஒன் போட்டோ நல்லா விழுந்திருக்குப்பா" என்றாள், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அவளுக்குக் கண் மங்கல், ஆனால் இவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவமாக இருந்தது இன்னொரு பக்கம். இருபத்திரண்டு வருஷம் எல்லாருக்கும் ரேஷன் கார்டுக்கும் ஸ்கூல் சீட்டுக்கும் அலைந்தவர், கடைசியில் மணலை விற்றவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகவேண்டுமா?

போன புதன்கிழமை ஆட்சேபணை விசாரணை. நாங்கள் பெண்கள் பதினாலு பேர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனோம். நடுவில் உட்கார்ந்து கேட்டவர் வந்தனா மேடம், மராத்திக்காரி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர், மற்ற ஆபீசர்கள் மாதிரி போனை நோண்டவில்லை. எழில் சாகேப் ஆட்சேபணை எதுவும் இல்லை என்று ஆரம்பித்து, திரையில் அந்தப் படத்தைப் போட்டார். மேடம் உன் அப்பாவை எழுப்பி இந்தக் கை உங்களுடையதா என்று ஹிந்தியில் கேட்டார். "ஜி" என்றார். விருப்பப்பட்டுத்தான் போர்த்தினீர்களா என்று கேட்டார். யாராவது மரியாதையாகக் கேட்டால் இல்லை என்று சொல்ல உன் அப்பாவுக்கு வாய் வருமா, அதற்கும் "ஜி" என்றார். கையில் கொண்டுபோயிருந்த மனு நகலை மேடம் பக்கம் நீட்டப் போனார். சாகேப் போதும் உட்காருங்கள் என்றார். நான் திரையைப் பார்த்தேன். சுவர் அளவுக்குப் பெரிசாக்கியிருந்தார்கள் பார், அந்த மூலையில் என் பச்சைத் தையல் ஒவ்வொன்றும் விரல் தண்டிக்குத் தெரிந்தது. எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "மேடம், ஓ ஷால் ஹமாரா ஹை, வாபஸ் தோ" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, அந்தப் பொன்னாடையை ஏன் திருப்பிக் கேட்கிறீர்கள் என்றார். என் ஹிந்தி அதற்கு மேல் போகாது, அதனால் தமிழில் சொன்னேன், மெஹராஜ் பக்கத்தில் நின்று மாற்றிச் சொன்னாள். எங்கள் ஆட்கள் வீடு தேடி வந்த யாருக்கும் போர்த்துவோம் மேடம், டாக்டருக்குப் போர்த்துவோம், ரிட்டையர் ஆகிற தபால்காரருக்குப் போர்த்துவோம், போன வருஷம் கரண்டைக் கட் பண்ண வந்தவருக்குப் போர்த்தினோம், அவர் அதை வாங்கிக்கொண்டு கரண்டையும் கட் பண்ணிவிட்டுப் போனார். இது வந்தவருக்குச் செய்கிற மரியாதை, விற்பனைப் பத்திரம் இல்லை. போர்த்தினால் சம்மதம் என்று சாகேப் அர்த்தம் வைத்தால், கழற்றினால் சம்மதம் இல்லை என்று அர்த்தம், அப்படியானால் கழற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பச்சைத் தையல் என் கைத்தையல், இங்கேயே நூலும் ஊசியும் தாருங்கள், அதே மாதிரி தைத்துக் காட்டுகிறேன் என்றேன். சாகேப் அது வீட்டில் இருக்கிறது என்றார். மேடம் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கிளார்க் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார், ஆட்சேபணைக்கு ஒரு கட்டம் இருக்கிறதாம், ஆலோசனைக்கு ஒரு கட்டம் இருக்கிறதாம், பொன்னாடைக்குக் கட்டம் இல்லையாம். கடைசியில் இதர விஷயங்களில் எழுதினார். படத்தை ஆதாரமாக ஏற்க முடியாது, மனுவை இப்போது வாங்கிக்கொள்கிறேன், அடுத்த மாசம் மறுபடி விசாரணை என்று மேடம் சொன்னார். வெளியே வந்ததும் மெஹராஜ் "யக்கா, இத்தன நாளு இந்த வாய எங்க வச்சிருந்தீங்க" என்றாள். கல்யாணத்தன்று உன் அப்பாவிடம் கொடுத்துவைத்தது, இன்றைக்குத்தான் திருப்பி வாங்கினேன் என்றேன்.

நேற்று எழில்காரர்களின் பியூன் பொன்னாடையைக் கொண்டுவந்தான். சலவை செய்து பிளாஸ்டிக் பையில் போட்டு, கூடவே பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட ஒரு தாள். உன் அப்பா வழக்கம்போல் பேனாவைத் திறந்துவிட்டார். மெஹராஜ் மகள் சாயிமா வாங்கி வாசித்தாள், பெற்றுக்கொண்டோம் என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் இனி எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று இருந்தது. உன் அப்பா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார், பியூனுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினார். செயலாளரான நாள் முதல் அவர் கையெழுத்துப் போடாமல் விட்ட முதல் தாள் அதுதான் என்று நினைக்கிறேன். சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு சின்ன மணலுக்குப் போனார், பொன்னாடையை உதறி விரித்து என் தோளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இன்று இந்த மேடையிலே" என்று ஆரம்பித்துவிட்டார். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், எனக்கு வெட்கம் பிடுங்குகிறது. "பேசாம உக்காருங்க" என்று அதைப் பிடுங்கி மணலில் விரித்தேன். இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்தோம். தட்டியில் இருக்கிற அவரை அவரே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு "ஒனக்கு நான் ஒண்ணுமே போத்தல இல்லட்டி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கடல் காற்று என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன். இதை மட்டும் போனில் அவரிடம் கேட்டுவிடாதே.

நீ லீவுக்கு வரும்போது அப்பாவுக்குச் சால்வை, ஷால் எதுவும் வாங்கி வராதே, ஸ்வெட்டர் வாங்கி வா, அதை மேடையில் யாருக்கும் போர்த்த முடியாது. இப்போது உன் வேலை. இத்துடன் ஆட்சேபணைப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன், வெளியூரில் இருப்பவர்களும் கொடுக்கலாம் என்று வந்தனா மேடமே சொன்னார். இந்த நிலத்தோடு உங்களுக்கு என்ன சம்பந்தம் என்று ஒரு கேள்வி, அதற்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். எனக்குப் பட்டா இருக்கிறதா பத்திரம் இருக்கிறதா என்று நீ யோசித்து வெறுமனே விட்டுவிடாதே. பதினோரு மாசத்தில் நீ எழுந்து நிற்கப் பார்ப்பாய், நம் வீட்டில் இரண்டு எட்டு வைக்க இடம் இல்லாமல் மிஷினில் முட்டி விழுவாய், அதனால் ஞாயிறுதோறும் உன்னை அங்கே தூக்கிக்கொண்டு போவோம். படகு ஓரத்தில் உன் அப்பா இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, நடுவில் ஏழு அடி நீயாக நடந்து வந்தாய். யாரும் பயன்படுத்தாத காலி நிலம் என்றால் நீ எங்கே நடந்தாய்? அதை எழுது, இரண்டு வரி போதும், இருபதாம் தேதிக்குள் அனுப்பு.

எங்கே இருந்தாலும் காலை நீட்டி உட்கார உனக்கு இடம் குறையாமல் இருக்கட்டும்.

உன் அம்மா,
பூமாரி சொரிமுத்து