ஏழுமலையின் முகம்

சின்னசேலம், செப்டம்பர் 1987, சனி இரவு

மகள் வரைந்த முகம் அச்சு அசலாக இருப்பதற்குத் தாய் பயப்படலாமா?

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்தவர்களை மாலதி கரியால் வரைந்திருக்கிறாள். ஓவியக் கல்லூரி இறுதியாண்டுத் தேர்வுக்கு அதைத்தான் கொடுக்கப்போகிறாளாம். நடுவில் கோடாலியோடு நிற்பவர் பக்கத்து வீட்டு ஏழுமலை. போலீஸ் அவரைத் தேடுகிறது.

இருட்டியதும் அவரே கொல்லைப்புறமாக வந்து படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, நானே போலீஸ் ஸ்டேஷன்ல போயி நின்னுகினு இருக்கிற மாதிரி இருக்குது!" பிறகு குரல் இறங்கியது. "மூஞ்ச மட்டும் அழிக்கச் சொல்லுங்க."

"மூஞ்சி இல்லன்னா படமே இல்ல மாமா," என்றாள் மாலதி. அவர் வந்த வழியே போய்விட்டார்.

பஸ் ஓடவில்லை. நாளை ரயிலில்தான் சென்னைக்குப் போகவேண்டும். ரயில் ஸ்டேஷனில் போலீஸார் எல்லாப் பைகளையும் பிரித்துப் பார்க்கிறார்கள். அவள் தூங்கியபின் ரப்பரைக் கையில் எடுத்தேன். அழிக்காமலே வைத்துவிட்டேன்.

ஞாயிறு

போலீஸ்காரர் படத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். "மரம் ஜோரா இருக்குதும்மா. ஆளுங்கதான் யாரு மாதிரியும் இல்ல," என்று சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

ரயில் கிளம்பும்வரை மாலதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.