என் புருஷன் அப்படிச் சாகிற ஆளில்லை

எருசலேமை மீட்கச் சிலுவைப் போருக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரர் திபோ அவர்களுக்கு, மொந்த்ரூ கோட்டையிலிருந்து எர்சாந்த் வணங்கி எழுதுவது. பன்றிகளும் உங்கள் அம்மாவும் நலம். நான் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறேன். நீங்கள் செத்துப்போனதாகப் போன வாரம்வரை ஊரெல்லாம் பேச்சு. இப்போது அப்படி இல்லை.

எல்லாம் பக்கத்துக் கோட்டை ஃபுல்க்கின் வேலை. சிலுவை தரித்துப் போனவர் உயிரோடிருக்கும்வரை அவர் நிலத்தைத் தொட்டவனைத் திருச்சபையிலிருந்தே தள்ளிவைத்துவிடுவார்கள். செத்துவிட்டாலோ, விதவையைக் கட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் அவனுக்கு எது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னிடமும் கண்ணாடி இருக்கிறது.

போர்க்களத்திலிருந்து திரும்பியதாக ஒருத்தனைக் கூட்டிவந்து, ஊரார் கூடிய கோயிலில் ஆயர் முன் நிறுத்தினான். அவன், "திபோ செத்ததை நானே பாத்தேன் சாமி" என்றதும் தூணைப் பிடித்துக்கொண்டேன். "மூணு நாள் உபவாசம் இருந்துட்டு, தலைக்கவசம்கூட இல்லாம, படைக்கு முன்னால தனியாப் பாஞ்சாரு" என்றான். அப்போதுதான் மூச்சு வந்தது. சிரித்துவிட்டேன். ஆயர் முறைத்தார்.

"சாமி, இது யாரோ மகராசன். எம்புருஷன் இல்ல. அவரு மூணு மணி நேரம் பட்டினி கெடந்ததில்ல" என்றேன். கொல்லன் ஓதோ எழுந்து, "தலைக்கவசம் இல்லாம எங்க ஐயா கோழிக்கூண்டுப் பக்கம்கூடப் போகமாட்டாரு" என்றான். உங்கள் அம்மா, "பெத்தவ சொல்றேன், எழுதிக்கங்க. எம்புள்ள முன்னால ஓடினது சாப்பாட்டுக்கு மட்டுந்தான்" என்றார். இருபத்தேழு பேர் புனிதரின் எலும்புமேல் கைவைத்து, நீங்கள் கோழை என்று சத்தியம் செய்தார்கள். இவ்வளவு ஒற்றுமையாக நம் ஊரை நான் பார்த்ததே இல்லை.

உங்கள் குதிரை என்ன நிறம் என்று ஆயர் கேட்டார். சாட்சிக்காரன் முதலில் வெள்ளை என்றான், பிறகு கறுப்பு என்றான், கடைசியில் படைகள் கப்பலேறும் மார்செய் துறைமுகத்தைத் தாண்டியதே இல்லை என்று அழுதுவிட்டான். ஃபுல்க் பின்வாசல் வழியாக நழுவினான். ஊரார் என்னைத் திராட்சை வண்டியில் ஏற்றி, மணியடித்து வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏற்ற மட்டும் ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

தோட்டம் நம்முடையது, நான் உங்கள் மனைவி, நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள் என்று ஆயர் முத்திரையிட்டுத் தந்திருக்கிறார். எனக்கு இருக்கிற ஆதாரம் அது ஒன்றுதான். உங்களிடமிருந்து கடிதம் வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

அங்கே யார் பேச்சையும் கேட்டு வீரராகிவிடாதீர்கள். ஓட வேண்டி வந்தால் வெட்கப்படாமல் ஓடுங்கள். ஆனால் இந்தப் பக்கமாக ஓடி வாருங்கள். மாதா உங்களைப் பின்வரிசையிலேயே வைத்துக் காக்கட்டும்.

உங்கள்,
எர்சாந்த்