மாலைக்கு அடித்த மருந்து

மதுராந்தகம்
14.11.2009

அன்பு மகள் சங்கரிக்கு அப்பா எழுதுவது. ஜெர்மனிக் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நீ நலமாக இருக்க வேண்டும், இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அம்மாதான் நன்றாக இல்லை. போனில் பேசும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே படுத்திருப்பதால் எதையும் சொல்ல முடியவில்லை, அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மாதமாக விழுங்கிய மாத்திரை வேலை செய்யவில்லை, இருமினால் இன்னும் ரத்தம் வருகிறது. நுரையீரலில் பழைய டி.பி. விட்டுப்போன குழியில் இருக்கும் பூசணம் அந்த மாத்திரைக்கு அசையவே இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டரம்மா என்னிடம், விவசாயமா, வயலுக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டார். நெல்லில் இலையுறை கருகல் நோய்க்கு அடிப்பதன் பேரைச் சொன்னேன். அதுவும் இந்த மாத்திரையும் ஒரே வம்சம், அதற்குத் தப்பிய பூசணம் இதற்கும் தப்பும் என்றார். அம்மா வயல் பக்கமே வருவதில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன், அப்போதுதான் அந்த மாலை ஞாபகம் வந்தது.

உனக்குக் கல்யாணம் கூடிவர வேண்டித் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் வாங்கி, நீ கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வந்த மாலை ஞாபகம் இருக்கிறதா. கல்யாணம் முடிந்து புருஷனோடு போய்த் திருப்பிக் கொடுக்கும்வரை வீட்டில் இருக்க வேண்டிய மாலை. நீ ஜெர்மனிக்குப் போன பிறகு அம்மா அதைத் தன் கட்டில் தலைமாட்டில் ஆணியில் மாட்டினாள். முதல் மழைக்கே பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டது, தூக்கிப்போட மனசு வராமல் அழுதாள். நான் பெரிய புத்திசாலி, ஸ்பிரேயரில் மிஞ்சிய வயல் மருந்தை அதன்மேல் அடித்தேன். போய்விட்டது. மறுபடி வரும், மறுபடி அடிப்பேன், இப்படியே நான்கு வருஷம். அவள் தினமும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் படுப்பாள். அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. எனக்குச் சந்தேகமே இல்லை சங்கரி, பாவி நான்தான்.

இப்போது ஊசியில் வேறொன்று ஏற்றுகிறார்கள், சிறுநீரகம் தாங்கும்வரைதான் அதுவும். நீங்கள் அங்கே ஆய்வுக்கூடத்தில் தேடிக்கொண்டிருக்கும் வேறு வம்சத்துப் பூசண மருந்து மனுஷருக்கு வர எட்டு பத்து வருஷம் ஆகும் என்று போன மாசம் நீயே சொன்னாய். அம்மாவுக்கு அது கிடைக்காது, தெரியும், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நெல் நோயும் அதற்குக் கேட்கிறது என்று உங்கள் கம்பெனியில் சந்தோஷப்படுவதாகச் சொன்னாயே. முப்பது வருஷம் நெல் பயிரிட்டவன் கேட்கிறேன், அதை வயலுக்குக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வேறு ஏதாவது செய்து கொடுங்கள். எங்கள் கையில் கிடைத்தால் நாங்கள் எதன்மேல் வேண்டுமானாலும் அடிப்போம்.

முந்தாநாள் மாலையைக் கொல்லையில் போட்டு எரித்துவிட்டேன். இன்று காலையில்கூட அம்மா, "மால பத்ரமா கீதில்ல? அவ கல்யாணம் முடிஞ்சி நானே எட்த்தும்போயி குட்க்கணும்" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பெருமாள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் முகத்துக்குத் துணி கட்டாமல் எதையும் தொடாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் பண்ணும்போது அம்மா உன்னிடமும் கேட்பாள். மாலை அதே ஆணியில்தான் இருக்கிறது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தாமோதரன்